சிவப்புப் பெயிண்ட் அடித்த பிரேக் பேட்

ரிவர்ஸ்டன் மலையிலிருந்து இறங்கும் பாதையில், காடு முடிந்து தேயிலை தொடங்குகிற வளைவில், ரவூப் முன் பிரேக்கைப் பிடித்தார். பிரேக் பிடிக்கவில்லை. லீவர் எந்த மறுப்பும் சொல்லாமல் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. தண்ணீரில் ஊறிய பாண் துண்டைப் பிசைந்தது போல இருந்தது விரல்களுக்கு.

பின் இருக்கையில் பச்சை மிளகு நிறைந்த உரப்பை கட்டியிருந்தது. பாரம் அவரை முன்னால் தள்ளியது. பின் பிரேக்கை மிதித்தார். சக்கரம் ஈரத் தாரில் வழுக்கிப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. எதிரே ஒரு லொறி முக்கி முனகி ஏறிவந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலை. ரவூப் யோசிக்கவில்லை. மலைப் பக்கம் ஹேண்டிலை ஒடித்து, மோட்டார் சைக்கிளோடு மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் போய் விழுந்தார்.

பை கிழிந்து மிளகு சேற்றில் கொட்டியது. முழங்கால் உரிந்து, உடுத்திருந்த சாரம் கிழிந்து, வாயெல்லாம் கான் தண்ணீர். அழுகிய இலையும் ஏதோ செத்த பிராணியும் கலந்த ருசி. எழுந்து உட்கார்ந்து துப்பினார். எத்தனை தடவை துப்பியும் அது போகவில்லை.

லொறிச் சாரதி பிரேக் அடித்து நிறுத்திவிட்டு ஓடிவந்தார். "எலும்பு ஏதும் முறிஞ்சதா முதலாளி?" என்று சிங்களத்தில் கேட்டார். முறியவில்லை என்று தெரிந்ததும் வண்டியைத் தூக்கி நிமிர்த்தினார். பிறகு, முன்பின் தெரியாத அந்த மனிதர் கானுக்குள் குந்தி உட்கார்ந்து, சேற்றிலிருந்து மிளகுக் கொத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கிழியாத பாதிப் பைக்குள் போட்டுக் கொடுத்தார். போகும்போது முன் லீவரை ஒரு தரம் அமுக்கிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ரவூப் அப்படியே நின்றார். ரிவர்ஸ்டனுக்கு அப்பால் உள்ள ஊர்களில் வீடு வீடாக மிளகும் கராம்பும் வாங்கி மாத்தளைக்குக் கொண்டுவருவது இருபது வருடத்துக்கு மேலாக அவருடைய தொழில். இந்தப் பாதையில் விழுந்ததில்லை. அதைவிட, இந்த முன் பிரேக்கை அவர் போன மாதம்தான் புதிதாகச் செய்வித்திருந்தார். செய்து கொடுத்தது வேறு யாருமல்ல, மகள் அம்றாவின் மாப்பிள்ளை நப்லான். மாத்தளை டவுனில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையும் பக்கத்திலேயே கராஜும் வைத்திருப்பவன். "மாமா, புதுப் பேட் போட்டிருக்கேன், ஒயிலும் மாத்தியாச்சு. இனி கண்ண மூடிக்கொண்டு ஓடுங்க" என்று சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்திருந்தான்.

'நான்தான் இறக்கத்தில கூட அமுக்கியிருப்பேன்' என்று ரவூப் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டார். மருமகனைப் பற்றித் தப்பாக நினைக்க அவருக்கு மனம் வரவில்லை.

முதல் கியரில் வண்டியை ஊர விட்டு ரத்தோட்டைக்கு வந்து சேர்ந்தார். அங்கே பஸ் தரிப்புக்கு மேலே கிஷாந்த் என்பவனின் கராஜ். ரவூப் அங்கே அதுவரை போனதில்லை. டவுனில் மருமகன் இருக்க வேறு இடத்துக்குப் போவானேன்? இன்றைக்கு வழியில்லை.

கிஷாந்த் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து ஆள். முப்பது வயதிருக்கும். கராஜ் தரையைத் தினமும் சவக்காரம் போட்டுத் தேய்க்கிற வகை. கையில் ரப்பர் உறை. வாசலிலேயே தடுத்தான்.

"ஐயோ, இந்தச் சேத்தோட உள்ள கொண்டாந்துறாதீங்க. அங்க பைப் இருக்கு, மொதல்ல கழுவுங்க. நீங்களும் கழுவிக்கங்க. மூஞ்சில பாசி ஒட்டியிருக்கு."

கழுவி முடித்து வண்டியை உள்ளே ஏற்றியதும் கிஷாந்த் ஹேண்டிலில் இருந்த பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைக் கழற்றினான். எட்டிப் பார்த்தவன் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னங்க இது? ஒயிலா, சாக்கடையா?"

ரவூப்பும் குனிந்து பார்த்தார். தேன் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டிய ஒயில் கருத்துத் திரண்டு கிடந்தது. மேலே பழைய கறியில் படிவது போல ஓர் ஆடை. அடியில் ஏதோ வண்டல். மூக்கில் ஏறிய வாடையில் அவருக்குக் கானில் குடித்த தண்ணீர் திரும்ப ஞாபகம் வந்தது.

"போன மாசம்தான் மாத்தினது," என்றார்.

"யாரு சொன்னா? இது வருசக் கணக்கா மாத்தாத ஒயில். பாருங்க, அடியில பொடிப் பொடியா துரு. இது தண்ணியக் குடிச்சிருக்கு. தண்ணி குடிச்ச ஒயில் எறக்கத்துல சூடேறுனா ஆவியாயிரும். ஆவிய எவ்வளவுதான் அமுக்குனாலும் பிரேக் புடிக்காதுங்க."

சக்கரத்தருகே உட்கார்ந்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற கெலிபரைக் கழற்றினான். இரண்டு பேட்களும் வெளியே வந்தன. முதுகுத் தகட்டில் பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். பார்க்கப் புத்தம் புதிது. கிஷாந்த் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கீறு கீறினான். சிவப்பு சுருண்டுகொண்டு வந்தது. உள்ளே துரு. துருவுக்குள் பழைய கிரீஸ். இன்னொரு பேட்டைக் கட்டைவிரலால் தள்ளினான். தகட்டில் ஒட்டியிருக்க வேண்டிய கறுப்புப் பகுதி, டிஸ்க்கை உரசி வண்டியை நிறுத்த வேண்டிய அந்தப் பகுதி, புண்ணிலிருந்து பொருக்கு கழன்று வருவது போலத் தனியாகக் கழன்று வந்தது. கீழே வெள்ளையாகக் காய்ந்த பசை.

"ஒட்டியிருக்கான்," என்றான் கிஷாந்த். அவனுடைய வாய் கோணிக்கொண்டது. "தேஞ்சு குப்பையில போட்ட பேட்டப் பொறுக்கி, கழுவி, சேண்ட்பேப்பர் போட்டுத் தேச்சு, கழண்டு போனதப் பசை வச்சு ஒட்டி, மேல பெயிண்ட் அடிச்சிருக்கான். இது மொதத் தடவ இல்லங்க. இந்தச் செவப்பு என்கிட்ட வந்துக்கிட்டே இருக்கு. போன வாரம் ஒரு மிட்வைஃப் அம்மா வண்டியில எடுத்தேன். யாருங்க போட்டது?"

ரவூப் வாயைத் திறந்தார். "டவுன்ல ஒருத்தன்," என்றார்.

"அவன் சோறு திங்கிறானா, வேற ஏதாச்சும் திங்கிறானா?"

ரவூப்பின் காது மடல் சுட்டது.

கிஷாந்த் பேசிக்கொண்டே வேலை செய்தான். கெலிபருக்குள் இருந்த பிஸ்டன்களைச் சுற்றிப் பிடித்திருந்த கரிய பசையைச் சுரண்டி, தெளிப்பான் அடித்துத் துடைத்து, ரப்பர் வளையங்களைப் பார்த்து, விரலால் தள்ளினால் பிஸ்டன் நோகாமல் உள்ளே போகிற வரைக்கும் விடவில்லை. டிஸ்க்கை இரண்டு பக்கமும் தேய்த்து எண்ணெய் போகத் துடைத்தான். புதுப் பேட் போட்டான். பிறகு கெலிபரில் ஒயிலை வடிக்கிற சின்ன முலையில் ஒரு ரப்பர்க் குழாயை மாட்டி, மறு முனையை ஒரு போத்தலுக்குள் விட்டான்.

"நீங்க லீவரப் புடிங்க. அமுக்குங்க, அமுக்குங்க. இப்ப விடாமப் புடிச்சுக்கங்க."

அவன் முலையை இளக்கியதும் குழாய்க்குள் கறுப்பாக ஒன்று இறங்கியது. இடையிடையே காற்றுக் குமிழிகள். கெட்ட வயிற்றிலிருந்து வருவது போலப் புளுக் புளுக்கென்ற சத்தம். இறுக்கிவிட்டு, "விடுங்க" என்றான். மேலே புது ஒயில் ஊற்றினான். திரும்ப அமுக்கினார்கள். கறுப்பு, பிறகு மண்ணிறம், பிறகு தேநீர் நிறம். குழாய்க்குள் தெளிவான ஒயில் குமிழி இல்லாமல் ஓடுகிற வரை ரவூப் அமுக்குவதும் விடுவதுமாக நின்றார். கடைசியில் லீவர் பாதி வழியிலேயே கல்லைப் போல நின்றது. இவ்வளவு காலம் இப்படி ஒரு பிரேக் தன் வண்டியில் இருந்திருக்க வேண்டும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பழசுகளத் தாங்க," என்றார்.

"எதுக்குங்க அந்தக் கருமம்?"

"தாங்க தம்பி."

கிஷாந்த் ஒரு பத்திரிகைத் தாளில் சுற்றி, விரல் நுனியால் பிடித்துக் கொடுத்தான்.

அடுத்த நாள் பகல் ரவூப் மகளின் வீட்டுக்குப் போனார். வீடு நப்லானின் கடைக்குப் பின்னாலேயே இருந்தது. கடையும் கராஜும் பூட்டியிருந்தன. நப்லான் கண்டிக்குச் சாமான் எடுக்கப் போயிருந்தான். தகப்பன் என்கிற உரிமையில் அவர் சலாம் சொல்லிக்கொண்டு குசினிப் பக்கத்தால் நுழைந்தார்.

பின் அறைக் கதவு திறந்திருந்தது. தின்னர் வாடை கண்ணைக் கரித்தது. தரையில் பிளாஸ்டிக் பேசின். கறுத்துப்போன தின்னரில் தேய்ந்த பேட்கள் மீன் செதில்கள் மாதிரி மிதந்தும் அமிழ்ந்தும் கிடந்தன. பக்கத்தில் விரித்த பத்திரிகையில், சிவப்புப் பெயிண்ட் அடித்தவை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் ஒரு குட்டி மேசை. அதில் பொலித்தீன் பைகளை ஒட்டுகிற மெசின், மினுங்குகிற கம்பெனி ஸ்டிக்கர்கள். மேசைக்கு முன்னால் அம்றா. முக்காட்டை மூக்கின் மேலாக இழுத்துக் கட்டியிருந்தாள். காய்ந்த பேட் இரண்டை எடுத்து, பைக்குள் போட்டு, மெசினில் அழுத்தி, ஸ்டிக்கரை மூலைக்கு மூலை சரிபார்த்து ஒட்டினாள்.

சிறுமியாக இருந்த காலத்திலேயே அம்றாவின் கை அப்படித்தான். மருதாணி போட்டால் கோடு பிசகாது, கொப்பிக்கு உறை போட்டால் சுருக்கம் விழாது. கலியாண வீடுகளில் மணப்பெண்ணுக்கு மருதாணி இட அவளைத்தான் தேடி வருவார்கள். அதே கைநேர்த்தியை ரவூப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா!" அம்றா திடுக்கிட்டு எழுந்தாள். "செல்லாமக் கொள்ளாம வந்திட்டீங்க. இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

"இது என்ன மகள்?"

"அவர்ட வேல. கையில நேரம் ஈக்குதுதானே, நானும் ஒத்தாச செய்றேன்."

"இத வாங்குற ஆக்களுக்குத் தெரியுமா, இது பழசுண்டு?"

அம்றா முக்காட்டைக் கீழே இறக்கினாள். "எல்லாரும் செய்றதுதான் வாப்பா. டவுன்ல போய்ப் பாருங்க. சாமான் வெல ஏறினதுக்குப் பொறகு ஒரிஜினல யாரு வாங்குறாங்க? மலிவா ஈக்கணும், பாக்கப் புதுசாவும் ஈக்கணும். ஆக்களே அப்பிடித்தான் கேக்குறாங்க."

ரவூப் பத்திரிகைப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். கழன்ற துண்டு தனியாக உருண்டது.

"இது நேத்து என்ட வண்டியில இருந்து எடுத்தது. ரிவர்ஸ்டன் எறக்கத்தில கானுக்குள்ள விழுந்திட்டேன்."

அம்றாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பாய்ந்து வந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

"அல்லாஹ்வே! இது எப்பிடி ஒங்களுக்கு வந்திச்சு? ஒங்கட வண்டிக்கு ஒரிஜினல் போடுங்கண்டு நான்தானே அவருக்கிட்ட செல்லிச் செல்லி விட்டேன்! இங்க பாருங்க வாப்பா." அவரை இழுத்துக்கொண்டு போய், கடைக்குள் திறக்கிற கதவைத் தள்ளி, இறாக்கையைக் காட்டினாள். "மேல் தட்டு நம்மட ஆக்களுக்கு. கீழ் தட்டு வெளி ஆக்களுக்கு. அவரு அவசரத்தில மாறி எடுத்திருப்பாரு. வேணுமெண்டு செய்யல்ல வாப்பா. ஒங்களுக்கு யாரும் வேணுமெண்டு செய்வாங்களா?"

அவள் அழுதாள். மெய்யான அழுகைதான். ரவூப்பின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. என்னைக் கொல்ல நினைக்கவில்லை. என் பிள்ளை எனக்கு நல்லதைத்தான் போடச் சொல்லியிருக்கிறாள். தவறிப் போய்விட்டது, அவ்வளவுதான். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள்ளேயே அவருக்குத் தன்னை நினைத்து அருவருத்தது. எதற்காக ஆறுதல் அடைந்தேன்? இந்தக் கழிசடை எனக்கு வரவேண்டியதில்லை, வேறு யாருக்கோ போகவேண்டியது என்றா?

அம்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோப்பையின் விளிம்பிலும் தின்னர் வாடை அடித்தது. உதடு வரை கொண்டுபோனவர் கீழே வைத்துவிட்டார்.

"வெளி ஆக்கள்ண்டா யாரு மகள்?"

"வெளி ஆக்கள்தான். தெரியாத ஆக்கள்."

"நேத்து தெரியாத ஒரு ஆள்தான் கானுக்குள்ள எறங்கி என்ட மிளகப் பொறுக்கித் தந்தாரு."

அம்றா தரையைப் பார்த்தாள். வெளியே நப்லானின் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மருமகனைத் தனியாக உட்கார்த்தி வைத்துப் பேச வேண்டும், குடும்ப மானம் வெளியே போகாமல் இதை நிறுத்த வேண்டும் என்றுதான் ரவூப் நினைத்திருந்தார். ஆனால் நப்லான் கடைக் கதவைத் தூக்கிய கையோடு ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வித்தியா டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து டவுன் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பிப்பவர். முன்னால் யூனிபோர்ம் போட்ட சின்ன மகள் ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முன் பிரேக் பிடிக்குதில்லைத் தம்பி. சிக்னல் லைட்ஸில பஸ்ஸோட முட்டப் பாத்தனான்."

"அது ஒண்டுமில்ல டீச்சர். பேட் தேஞ்சிருக்கும். புதுசு ஒரு சோடி போட்டா சரி. ஒங்களுக்குண்டே நல்ல சாமான் வெச்சிருக்கேன்."

நப்லான் இறாக்கைக்கு முன்னால் குனிந்தான். அவனுடைய கை கீழ்த் தட்டுக்குப் போனது.

ரவூப் உள் கதவிலிருந்து வெளியே வந்தார். பேட் பையை மருமகனின் கையிலிருந்து வாங்கினார். பல்லால் கடித்துக் கிழித்தார். மேசையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தச் சிவப்பை ஒரு கீறு கீறினார். பெயிண்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. முனையில் பிசின் போல இழுபட்டுக்கொண்டு வந்தது.

"மாமா, எப்ப வந்தீங்க?" நப்லான் சிரித்தான். "வெயிலுக்குள்ள வந்திருக்கீங்க, உள்ள போய் இருங்க." டீச்சரைப் பார்த்து அதே சிரிப்போடு, "மாமாவுக்குக் கொஞ்சம் சொகமில்ல," என்றான்.

கோபப்பட்டிருந்தால் ரவூப் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. எதன் மேலும் பூசிவிடலாம் என்கிற சிரிப்பு.

"எனக்குச் சொகம்தான் டீச்சர்," என்றார். "இது குப்பையில பொறுக்கினது. இதப் போட்டுத்தான் நான் நேத்து விழுந்தேன். புள்ளயோட இதில போகாதீங்க."

வித்தியா பேட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பெயிண்ட் ஒட்டிய விரலைத் தன் கைக்குட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எங்கட ஸ்டாஃபில கன பேருக்கு நீர்தானே போட்டுக் குடுத்தனீர்," என்றார் நப்லானிடம். குரல் உயரவில்லை. மகளை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே நடந்து போனார்.

நப்லானின் சிரிப்பு அப்போதுதான் போயிற்று.

"ஒங்கட மகள் சாப்பிடறதும் இதிலதான் மாமா. போட்டிருக்கிறதும் இதிலதான். போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு நீங்க உடுத்த சாரமும் இதிலதான் வந்திச்சு. அது தெரியுமா ஒங்களுக்கு?"

ரவூப் உள்ளே திரும்பிப் பார்த்தார். அம்றா கதவருகே நின்றாள்.

"நீங்க போங்க வாப்பா," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து அந்தச் சாரத்தை வெளியே இழுத்தார். மனைவி றுஸைனா என்னவென்று கேட்க, எல்லாவற்றையும் சொன்னார். றுஸைனா பாதி கேட்டதுமே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வெளி ஆள் ஒண்டுக்கு முன்னால மருமகனக் கேவலப்படுத்திட்டு வந்திருக்கீங்களே! தனியாக் கூப்பிட்டுச் செல்ல ஏலாதா? நாளைக்கு அவன் நம்மட புள்ளயக் கொண்டாந்து வாசல்ல விட்டா என்ன செய்வீங்க?"

நப்லான் அப்படி எதுவும் செய்யவில்லை. மாத்தளைக் கடையில் கொஞ்ச நாள் கூட்டம் குறைந்தது. அவன் கலேவெலயில் இன்னொரு கடை திறந்தான். அங்கே அவனைத் தெரிந்தவர்கள் குறைவு. வயலுக்கும் சந்தைக்கும் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர்கள் அதிகம். அம்றா தாய்க்கு மட்டும் போன் எடுத்தாள்.

றுஸைனாவின் மூத்த சகோதரர் யஹ்யா ஊரில் மதிப்பான மனிதர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். தன் மகனின் கலியாண வலீமா விருந்தில் இந்த மனத்தாங்கலைத் தீர்த்துவிடுவதென்று அவர் முடிவு கட்டினார். ரவூப்பின் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டுபோய் ஒரு சஹன் தட்டைச் சுற்றி உட்காரவைத்தார். எதிரில் ஏற்கெனவே நப்லான். யஹ்யாவும் உட்கார்ந்தார். இன்னும் மூன்று பேர், எல்லாரும் சொந்தம். நடுவில் பெரிய தட்டில் நெய்ச்சோறு மலை போல் குவிந்திருந்தது. மேலே பொரித்த கோழி, சுற்றிலும் கத்தரிக்காய்ப் பொரியலும் அச்சாறும். ஆறு பேரும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டும். சிறு வயதிலிருந்தே ரவூப்புக்கு அது பிடித்த வழக்கம்.

பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். நப்லான் கோழித் தொடையைப் பிய்த்து, பெரிய துண்டை ரவூப்பின் பக்கத்துச் சோற்றில் வைத்தான். "சாப்பிடுங்க மாமா." எல்லாரும் பார்த்தார்கள். யஹ்யாவின் முகம் மலர்ந்தது.

ரவூப் அந்தத் துண்டையே பார்த்தார். "கலேவெலக் கடையில என்ன விக்கிறாய் மகன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாப்பிடற எடத்தில கடக் கதயா மாமா?"

"விடுங்க மச்சான்," என்றார் யஹ்யா, வாய் நிறையச் சோற்றோடு. "அவன் நம்மட ஆக்களுக்கு எப்பவும் ஒரிஜினல்தான் குடுக்கிறான். என்ட மகன்ட வண்டிக்கும் மேல் தட்டுச் சாமான்தான் போட்டுத் தந்தான். ஒங்களுக்கு ஒரு தடவ மாறிப் போச்சு. மனிசனுக்கு மறதி வாறதில்லயா?"

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஒருவர், "மேல் தட்டுண்டு செல்லிக் கேக்கோணும், அதுதான் விசயம்," என்றார். இன்னும் சிரித்தார்கள். நெய் வழிகிற விரல்கள், கத்தரிக்காய் ஒட்டிய உதடுகள், ஒரே குவியலைப் பல பக்கத்தாலும் தோண்டித் தோண்டி எடுக்கிற கைகள். மேல் தட்டு, கீழ்த் தட்டு எல்லாம் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இறங்குகிறது சோறு. ரவூப்புக்கு வாயில் வைத்த பிடியை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுந்து போய்க் கை கழுவுகிற இடத்தில் துப்பினார். இரண்டு கைகளையும் முழங்கை வரை சவக்காரம் போட்டுக் கழுவினார்.

மோட்டார் சைக்கிள் நிறுத்திய இடத்துக்கு அம்றா பின்னால் ஓடி வந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள்.

"சாப்பிடாமப் போறீங்களா வாப்பா? யஹ்யா மாமா மனசு நோகும்." பிறகு குரலைத் தாழ்த்தி, அவரைச் சந்தோசப்படுத்துகிற சேதி ஒன்றைச் சொல்வது போலச் சொன்னாள்: "நான் இப்ப அந்த வேல செய்றதில்ல. கலேவெலயில அவரு அதுக்கு ஆள் வெச்சிருக்காரு."

ரவூப் மகளின் முகத்தைப் பார்த்தார். அதில் கள்ளம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அம்றா, நான் இதப் போய்ச் செல்லப் போறேன். நுகர்வோர் அதிகாரசபைக் கந்தோருக்கு. மறைஞ்சு செய்யக் கூடாதுண்டுதான் ஒனக்கிட்டச் செல்றேன். நீ அவனுக்கிட்டச் செல்றதெண்டாச் செல்லு."

மண்டபத்துக்குள்ளிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"அப்பிடிச் செஞ்சா பொறகு எங்கட வீட்டு வாசலுக்கு வராதீங்க," என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அவர் போய்ச் சொன்னார். கந்தோரில் மேசைக்கு மேசை அனுப்பினார்கள். மருமகனா என்று கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். ரவூப் விடவில்லை. கிஷாந்தையும் வித்தியா டீச்சரையும் வந்து சொல்லவைத்தார். கிஷாந்த் தான் கழற்றிய சிவப்புகளை ஒரு டின் நிறையக் கொண்டுவந்து, கை உறையோடு அதிகாரியின் மேசையில் கொட்டினான். கடைசியில் அதிகாரிகள் கலேவெலக்குப் போனார்கள். பேசினும் பெயிண்டும் ஒட்டுகிற மெசினும் கடையின் பின்னறையில் அப்படியே இருந்தன. அம்றா கணவனிடம் சொல்லியிருந்தால் அவை அங்கே இருந்திருக்காது. அவள் மறந்தாளா, வேண்டுமென்றே வாயை மூடினாளா என்பது ரவூப்புக்கு இன்றுவரை தெரியாது. அவளும் சொன்னதில்லை. வழக்குப் போட்டுத் தண்டம் அடித்தார்கள். கலேவெலக் கடை மூடப்பட்டது. மாத்தளைக் கடை நடக்கிறது. இப்போது இறாக்கையில் ஒரு தட்டுத்தான் இருப்பதாக ஆட்கள் சொல்கிறார்கள். ரவூப் போய்ப் பார்க்கவில்லை.

றுஸைனா அந்த நாட்களில் கணவனுக்குச் சோறு போட்டாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு முன் ரவூப் பள்ளிவாசல் ஹவுல் தொட்டியருகே உட்கார்ந்து கை கால் கழுவி வுழூ செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் யஹ்யா வந்து அமர்ந்தார். நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி, "மச்சான், நல்ல வேல செஞ்சீங்க," என்றார். "எனக்கு அப்பவே தெரியும், அது ஹராமான தொழில்ண்டு. உசிரோட வெளயாடுறதில்லயா அது? ஆரோ ஒருத்தர் தைரியமாச் செய்யத்தானே வேணும்." ஈரக் கையை முஸாபஹாவுக்கு நீட்டினார்.

விருந்தன்று நெய் மின்னிய விரல்கள்தான் ரவூப்பின் கண்ணில் தெரிந்தன. அந்தக் கையைப் பிடிக்காமல் எழுந்து, ஹவுலின் மறுகோடிக்குப் போய், முதலிலிருந்து வுழூ செய்தார்.

வீட்டுக்கு வந்து, பேச்சு இல்லாத மனைவி என்றும் பாராமல், குசினி வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். றுஸைனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்ன வார்த்தைகளை அவர் சொல்லச் சொல்ல அவளுடைய கை நின்றது.

"அவருக்கு அப்பவே தெரியுமாமா?"

"அப்பிடித்தான் சென்னாரு."

"தெரிஞ்சுகொண்டா மகன்ட வண்டிக்கு மேல் தட்டுச் சாமான் கேட்டு வாங்கினாரு?" அவள் துருவலையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். சகோதரர் என்று பாராமல், ஜன்னலால் வெளியே எட்டி, தூ என்று துப்பினாள். "மனிசரா இதுகள்?"

ரவூப் வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் றுஸைனா இரண்டு தட்டுச் சோற்றோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெருநாளைக்கு அம்றா வருவாளா தெரியாது," என்றாள். "கேட்டேன். பாப்போம்ண்டு சென்னாள்."

"பாப்போம்," என்றார் ரவூப். இருவரும் சாப்பிட்டார்கள்.